மாலைக்கு வந்த முகம்

'அவருக்கு இவ்வளவு பல் கிடையாதே.'

கமலா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கணினித் திரையில் அவள் கணவர் அழகப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். காலையில் பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் அவள் வாங்கிப் போட்ட மல்லிகை மாலைக்கு நடுவே, வரிசை தப்பாத பற்கள் தெரிய. இருந்தவரைக்கும், உடைந்த முன்பல்லை மறைக்க உதட்டை மூடியே சிரித்த மனிதர்.

"எப்படிக்கா?" என்றான் படத்தொகுப்பாளன் அஃப்னான். "நீங்க குடுத்த ஒரே ஃபோட்டோதான். மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர்."

'மாமா இன்னும் போகல' என்பது தொடரின் பெயர். செத்த பிறகும் சுவரிலிருந்து பெண்டாட்டியை நக்கலடிக்கும் கணவன் கதை. பெண்டாட்டி வேஷத்தில் நடிகை திவ்யதர்ஷினி. பார்க்க ஆளில்லை என்று ஆறு பகுதியோடு நிறுத்திவிட்டார்கள். இன்று கடைசிப் பகுதி. துவாஸில் வாடகைக்கு எடுத்த கிடங்கில் அந்த ஒற்றைச் சுவரைத் தவிர எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது.

மாமாவுக்குக் குரல் கொடுத்த நடிகர் தன் படத்துக்கு மாலை போட ஒப்பவே இல்லை. "நான் உயிரோட இருக்கேன் லா! எங்கம்மா பார்த்தா மயக்கம் போட்டுடுவாங்க." அதனால், உடைகளைக் கவனிக்கும் கமலா வீட்டிலிருந்து அழகப்பன் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். செத்தவருக்கு மாலை போட்டால் யாருக்கு என்ன கெடுதல்?

அப்படித்தான் நினைத்திருந்தாள். மூன்றாம் பகுதிக்குள் எல்லோரும் சுவரைப் பார்த்து "மாமா, போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போக ஆரம்பித்தார்கள். ஐந்தாம் வாரம், வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அழகப்பன் கூப்பிடுவது கேட்டது. அந்த நடிகரின் குரலில். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியபடி "கமலம்" என்பாரே, அந்தக் குரலைத் தேடினாள். நினைவில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மூடிய உதட்டுச் சிரிப்பு ஒன்றுதான் இன்னும் அவருடையதாக அவளிடம் இருந்தது.

இயக்குநர் ரஞ்சன் கையில் டேப்லட்டோடு வந்தார். "கடைசி ஷாட் இதுதான்க்கா. திவ்யா லைட்டை அணைக்கிறா, மாமா சிரிக்கிறார். அண்ணன் முகத்தை அசைச்சுக்கலாம்னு நீங்க ஒரு சைன் போட்டா போதும்."

"பாஸ், கண்ணுதான் சரியா வரல," என்றான் அஃப்னான். "திவ்யாவைப் பார்க்கிற மாதிரிதான் செஞ்சேன். மூணு தடவை மாத்திட்டேன். இடது பக்கமே போகுது."

இடது பக்கம், கேமராவுக்குத் தெரியாத மூலையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறு வாரமும் கமலா ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த இடம்.

அஃப்னான் மறுபடி ஓடவிட்டான். அழகப்பனின் கண்கள் திவ்யாவின் முகத்தைக் கடந்து நகர்ந்தன. மூலையில் போய் நின்றன. வீட்டுக்குள் நுழைந்து அறை அறையாகத் தேடி, கடைசியில் சமையற்கட்டில் அவளைக் கண்டுபிடித்தவர் போலப் புருவம் லேசாக ஏறியது. கமலாவின் கை தானாக முந்தானையைச் சரிசெய்தது. சரிசெய்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. அந்தப் பார்வையைச் செய்ய யாருக்கும் தெரியாது. அது அவருடையதேதான்.

அப்புறம் பற்கள் வந்தன.

இன்னும் நாலு தடவை பார்த்தால் போதும், இனி எப்போது நினைத்தாலும் இந்தப் பற்கள்தான் வரும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும், பார்க்கிறாரே.

"எனக்கே புல்லரிக்குது லா," என்றார் ரஞ்சன். டேப்லட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "அண்ணன் உங்களைத்தான் பார்க்கிறார். விரலால ஒரு சைன், அவ்வளவுதான்க்கா."

அஃப்னான் படத்தை நிறுத்தியிருந்தான். உதடு பிரியப்போகும் நொடியில் அழகப்பன் காத்திருந்தார்.

கமலா நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேணாம் தம்பி," என்றாள்.