சகுந்தலா யாரும்மா

சகுந்தலா, சகுந்தலா, யாரும்மா சகுந்தலா என்று மூன்றாவது முறையாகக் கதவிடுக்கில் தலையை நீட்டிக் கத்துகிறாள் நர்ஸ், பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறோம், நானும் திரும்பிப் பார்க்கிறேன், எந்த மகராசி அவள், கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்காமல் எல்லார் நேரத்தையும் தின்கிறாளே என்று எரிச்சல்கூட வருகிறது, பிறகுதான் உறைக்கிறது, அது நான்தான், அரை மணி நேரத்துக்கு முன்னால் கீழே மருந்துக்கடையில் டோக்கன் எழுதியவன் பேர் என்னக்கா என்று கேட்டபோது வாயில் வந்த பெயர், அன்று காலை ரேஷன் கார்டில் திருத்தம் செய்ய என் கடைக்கு வந்த யாரோ ஒருத்தியின் பெயர், எடுத்துச் சொல்லிவிட்டேன், வயதை மட்டும் என்னுடையதாகச் சொன்னேன், அது ஏனென்று தெரியவில்லை. தாலுகா ஆபீஸ் எதிரே இ-சேவை மையம் வைத்திருப்பவள் நான், சொந்தப் பேரைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாதாய்யா உனக்கு என்று நாளைக்குப் பத்துப் பேரையாவது திட்டுகிறவள், இந்த ஊரில் பாதிப் பேருடைய பிறந்த தேதி எனக்குத் தெரியும், மீதிப் பேருக்கு என்னைத் தெரியும், பிறகு எப்படி என் பெயரை அங்கே சொல்வது.

எங்கள் ஊர் பெரிய ஊரும் இல்லை சின்ன ஊரும் இல்லை, பல் டாக்டர் தெருவுக்கு இரண்டு பேர், மனசுக்குப் பார்க்கிறவர் மட்டும் அப்படியென்று பலகை வைக்க மாட்டார், நரம்பு, தலைவலி, தூக்கமின்மை என்று போட்டிருப்பார், ஜனங்களும் நரம்பு டாக்டர் என்றுதான் சொல்வார்கள், பக்கத்துப் பல் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, சட்டென்று இந்த மாடிப்படியில் ஏறிவிடுவார்கள், நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன், படியில் எதிரே இறங்கி வந்தவரும் கன்னத்தைப் பிடித்திருந்தார். உள்ளே மூன்று நிமிடம், என்ன பண்ணுது, தூக்கம் வரல சார், எத்தன நாளா, தை மாசத்துலேர்ந்து, சரி இத சாப்புடுங்க, நான் இன்னொன்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று, அந்த இன்னொன்றை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

என்ன வியாதி என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை, வீட்டில் யாரும் சாகவில்லை, ஒரு கேடும் நடக்கவில்லை, முதலில் தூக்கம் போயிற்று, பிறகு பசி, பிறகு சிரிப்பு, ஒன்பதாவது படிக்கும் மகள் கட்டுரைப் போட்டியில் வாங்கிய கோப்பையைக் கொண்டுவந்து நீட்டுகிறாள், ம்ம் என்கிறேன், அவள் முகம் விழுவதைப் பார்க்கிறேன், அது என்னை ஒன்றும் செய்யவில்லை, அதுதான் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் அடைக்கலம், பஸ் டிப்போவில் மெக்கானிக், ஒனக்கு என்ன புள்ள கொறச்சல், கடை ஓடுது, புள்ள படிக்கிது, நான் குடிக்கிறது கூட இல்ல என்கிறார், அவர் சொல்வது அத்தனையும் உண்மை, உண்மையாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துத் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், ஒன்றரை மணி நேரப் பயணம், அங்கே என்னை யாருக்குத் தெரியும், இருந்தும் பேர் கேட்டதும் வனஜா என்று வந்துவிட்டது, இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன், வனஜா தலைக்குள் ஸ்கேன் எடுத்தார்கள், வனஜாவுக்கு எல்லாம் நார்மல், ஒரு மாத்திரை. வேறெங்கும் காட்டினீர்களா என்று அந்த டாக்டர் கேட்டார், இல்லை என்றேன், காட்டியது சகுந்தலாதானே. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று புது பஸ் ஸ்டாண்டு பக்கம் கவுன்சலிங் செய்கிறவரிடம், அங்கே கலைச்செல்வி, கண்ணை மூடிக் கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார், நான் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில் ஒரே தடவை, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தேன், கால் மணி நேரம் அந்தச் செருப்பையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

இரண்டு டாக்டர் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கினேன், ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்றாவது கேட்கட்டும் என்று, கேட்டது, பகலெல்லாம் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி ஆயிற்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தட்சிணாமூர்த்தி சார் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று பதிய வந்திருந்தார், விரலை மெஷினில் வைங்க சார் என்று சொன்னது நினைவிருக்கிறது, கண் விழித்தால் கீபோர்டில் என் கன்னம், அவர் எழுப்பவும் இல்லை, போகவும் இல்லை, விரலை மெஷினில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார், மனைவி போன பிறகு பாதியாக இளைத்திருந்தார் மனிதர், தூங்கும்மா, தூக்கம் வர்றது பெரிய விசயம் என்றார். அந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ, சாயங்காலம், தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது, கோபமில்லை, அழுகையில்லை, பால் வாங்க வேண்டும் என்று தோன்றுகிற மாதிரி தோன்றியது, அதை அப்படியே அடைக்கலத்திடம் சொன்னேன், ஏங்க, எனக்கு இப்பிடித் தோணுது. அவர் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார், என் கையிலிருந்து தோசைத் திருப்பியை வாங்கி வைத்தார், குறைச்சல் என்ன என்று அதற்குப் பிறகு அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை எங்கள் ஊர் கவர்மெண்டு பெரியாஸ்பத்திரி, நான் ஏழு மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிய இடம், ஏன் என்றால் ஓ.பி. சீட்டு போடுகிற ஜன்னலில் இருப்பது குணவதி, அவள் வீட்டுச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் நான் போட்டுக் கொடுத்தது, எந்தப் பெயரைச் சொல்லி அவளை ஏமாற்றுவது. வாங்கக்கா, யாருக்கு என்றாள், பின்னால் நீள வரிசை, அடைக்கலம் வாயைத் திறக்கப் போனார், நான் முந்திக்கொண்டேன், எனக்குத்தான் குணா, மனநல டாக்டரப் பாக்கணும். இப்போது வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கப் போகிறது என்று நின்றேன், குணவதி தலைநிமிராமல் என் பெயரை இனிஷியலோடு தட்டினாள், சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள், இருவத்திரெண்டாம் ரூம்க்கா, நல்ல டாக்டரு, எங்க அம்மா மூணு வருசமா அங்கதான் பாக்குது என்றாள். அடிப்பாவி, மூன்று வருடமாக என் கடைக்கு வந்து போகிறாள், அம்மாவுக்கு முட்டிவலி முட்டிவலி என்று சொல்லிக்கொண்டு.

டாக்டர் மெஹருன்னிசா, சின்ன வயசு, மேஜையில் ஆறிப்போன டீ, அதைத் தள்ளி வைத்துவிட்டு உக்காருங்க, பழைய சீட்டெல்லாம் குடுங்க என்றார். பையிலிருந்து எடுத்து வைத்தேன், சகுந்தலா, வனஜா, கலைச்செல்வி, மூன்றையும் வரிசையாகப் பரப்பினார், இதுல நீங்க யாரு என்றார், மூணும் நான்தான் டாக்டர் என்றேன், சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை, முதல் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டும் ஒரே மருந்துங்க, கம்பெனி பேருதான் வேற, நீங்க ரெட்டிப்பா சாப்புட்டுட்டு இருந்திருக்கீங்க, உங்க பேரையும் முன்னாடி காட்டுனதையும் சரியாச் சொல்லியிருந்தா அவங்களும் சரியாப் பாத்திருப்பாங்க என்றார், வெளியே நாற்பது பேர் இருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை, சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டார், ஆமாம் என்றேன், பிறகு ஏழு மாதமாக வாயில் கிடந்த அந்த இன்னொன்றையும், மகள் முகம் விழுவதுகூட என்னை ஒன்றும் செய்யவில்லை என்பதையும் அங்கே சொன்னேன், சொல்லி முடிக்கும்போது முந்தானை நனைந்திருந்தது, அடைக்கலம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினார். ஒரேயடியா நிறுத்தக் கூடாது, கொறச்சுக் கொறச்சு நிறுத்துவோம், புது மருந்து வேலை செய்ய நாலு வாரம், ஆறு வாரம் ஆகும், வாரா வாரம் வாங்க, மாத்திரை அவர் கையில இருக்கட்டும், அந்த நெனப்பு வந்தா எந்த நேரமும் கூட்டிட்டு வந்துருங்க என்றார். ஆறு வாரம் என்றது ஒன்பது ஆயிற்று, ஒரு நாள் மகள் ஏதோ சொன்னாள், சிரித்துவிட்டேன், அவள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், இன்னொரு தடவை சிரிம்மா என்றாள்.

இப்போது மாதம் ஒருமுறை, வியாழக்கிழமை, இருபத்திரண்டாம் அறை வாசல் பெஞ்சு, ராமலிங்கம், ராமலிங்கம், யாருய்யா ராமலிங்கம் என்று சிஸ்டர் மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார், ஆளாளுக்குத் திரும்பிப் பார்க்கிறார்கள், என் பக்கத்தில் இருப்பவரும் திரும்பிப் பார்க்கிறார், எந்த மனுஷன் அது என்று கொஞ்சம் எரிச்சலோடு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் முழங்காலில் கிடக்கிற சீட்டில் ராமலிங்கம், வயது அறுபத்தேழு என்று இருக்கிறது, அந்த விரல்களை எனக்குத் தெரியும், ஒருநாள் என் மெஷினில் அசையாமல் இருந்த விரல்கள். சார், உங்களத்தான் கூப்புடுறாங்க என்கிறேன் மெதுவாக. துண்டை விலக்கிப் பார்க்கிறார், கன்னத்திலிருந்து கை இறங்குகிறது, நான் ராமலிங்கம் இல்லம்மா என்று சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொள்கிறார், நீ எங்கம்மா இங்க என்கிறார். நானும் டாக்டரப் பாக்கத்தான் சார், ஒரு வருசமா வர்றேன், பல்லு நல்லாத்தான் இருக்கு என்கிறேன். அவர் வாய் கோணுகிறது, சிரிப்பா என்னவென்று தெரியவில்லை, உள்ள போனதும் டாக்டர்ட்ட மட்டும் நெசப் பேரச் சொல்லிருங்க சார், தூங்கலேங்கறதையும் சொல்லிருங்க என்கிறேன், சிஸ்டரைப் பார்த்து, இந்தா இவருதான் சிஸ்டர், வர்றாரு என்று கையைத் தூக்குகிறேன். தட்சிணாமூர்த்தி சார் துண்டை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, இத கொஞ்சம் பாத்துக்கம்மா என்று எழுந்து போகிறார்.