இணைப்பில் காத்திருக்கவும்

மாவுக் கொட்டகை வாசலில், உளுந்து மூட்டை இறக்க வந்த ஆளைப் புஷ்பவள்ளி திட்டிக்கொண்டிருந்தாள். வாய் புஷ்பவள்ளியுடையது, திட்டு கயல்விழியுடையது. கயல்விழி ஒரு பிடி உளுந்தை அள்ளி அந்த ஆளின் மூக்குக்கு நேரே நீட்டுவாள், தலையை ஆட்டுவாள், முறைப்பாள். பக்கத்தில் நிற்கும் புஷ்பவள்ளி அதைப் பேச்சாக்கிப் போடுவாள்.

"போன தடவ நீ போட்ட உளுந்து பொங்கவே இல்ல. மாவு கல்லாட்டம் ஒக்காந்துக்குச்சு. ஹாஸ்டல் மாஸ்டர் எங்களத்தான கேக்குறாரு, நாங்க யாருகிட்ட போயி கேக்குறது? நீ ஒன் மொதலாளிக்குப் போன போடு. அவுரு என்னா சொல்றாருன்னு கேளு. அதுவரைக்கும்..." மூச்சு வாங்கினாள். பிறகு சட்டென்று குரலை வழுவழுவென்று ஆக்கிக்கொண்டு, "தயவுசெய்து காத்திருக்கவும்" என்றாள்.

மூட்டைக்காரர் சிரித்துவிட்டார். "என்னாக்கா, கம்பெனிக்குப் போன் பண்ணா பேசுற பொண்ணு மாதிரியே பேசுற."

கயல்விழி சிரிக்கவில்லை. பிடித்திருந்த உளுந்து விரலிடுக்கில் ஒழுகியதுகூடத் தெரியவில்லை. 'காத்திருக்க' வரைக்கும் ஒரே மட்டத்தில் கொண்டுபோய், கடைசி 'வும்'மைச் சத்தமில்லாமல் குடத்தை இறக்கி வைப்பதுபோல வைக்கிற அந்த இழுப்பு அவளுடையது. கடலூரில் பைக் ஷோரூமில் போன் பேசுகிற வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணாடி முன்னால் நின்று அவளே கண்டுபிடித்தது. ஆனால் புஷ்பவள்ளி மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சிதம்பரத்தில் இந்தத் தெருவுக்குக் குடிவந்ததே கயல்விழிக்கு ஆபரேஷன் நடந்த பிறகுதான். அவள் கயல்விழியின் பழைய குரலை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத குரலை ஒருத்தி எப்படி எடுத்துப் பேச முடியும்?

கழுத்தில் வந்தது நல்ல கட்டி இல்லை. எடுத்தாக வேண்டியிருந்தது. குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக்கிடந்ததாகவும், உயிரா குரலா என்றால் உயிரைத்தான் பார்க்க முடியும் என்றும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் போனதுதான் கயல்விழிக்குப் பெரிய எரிச்சல். கோபப்படுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் பாதி நோய் போயிருக்கும். அந்தக் குறையை ஷோரூம் தீர்த்துவைத்தது. லீவு முடிவதற்குள் மேனேஜர் அருள்முருகன் போன் செய்து, அவள் அம்மா லோகநாயகியிடம், "பேசுறதுதாங்க வேலையே, பேச்சு இல்லாம எப்படிங்க" என்று வருத்தப்பட்டார். அவர்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் கயல்விழி. பி.காம். பட்டம் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவள் கழுத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சின்னக் கண் திருப்பலுக்காகவே அவள் ஆட்களை வெறுத்தாள்.

தெருவில் மாவுக் கொட்டகை நடத்துகிற மகளிர் குழுப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். கயல்விழி தூக்குவாளியைத் திறக்காமலே திருப்பியனுப்பினாள். ஒருநாள் குழுவின் தலைவி ரத்தினம்மாளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சோறு வேணாம்னா போ. வேல செய்ய வா. வாய் இல்லன்னு அழுவாத, எங்க கொட்டகையில யாருக்குடி வாய் இருக்கு?"

அது உண்மைதான். மாவுக் கொட்டகையில் பெரிய கிரைண்டர்கள் ஓடத் தொடங்கிவிட்டால் இடியே விழுந்தாலும் கேட்காது. அங்கே எல்லோரும் ஊமைகள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தண்ணீர், மூன்று விரலைக் கூட்டிக் காட்டினால் உப்பு. முஷ்டியை மூடினால் நிறுத்து என்று அர்த்தம். ஆள்காட்டி விரலைச் சுற்றினால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும். மூக்கைத் தொட்டால் எட்டுக்கல் மூக்குத்தி ரத்தினம்மாள் வருகிறாள், பேச்சை விடு. கயல்விழி ஒரு வாரத்தில் இதையெல்லாம் பிடித்துக்கொண்டாள். அந்த இரைச்சலுக்குள் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

இரைச்சலுக்கு வெளியேதான் சிக்கல். அவளிடம் குரல் அடியோடு இல்லாமல் இல்லை. பஞ்சரான டியூபில் காற்று போவதுபோல ஒன்று இருந்தது. அதைத்தான் புழங்கவேண்டும், புழங்கினால்தான் தேறும் என்று அண்ணாமலை நகரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொல்லியிருந்தார். சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிக்கொண்டே 'ஆ' சொல்லவேண்டும். அவள் வெட்கப்படுகிறாள் என்று தெரிந்ததும் ரத்தினம்மாள் கொட்டகைப் பின்சுவரில் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்திவிட்டாள். தினமும் வேலை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள், 'ஆ' என்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "ஏம்மா, செவுரு சாயுதா? நானும் ஒரு கை புடிக்கட்டுமா?" என்று நிஜமாகவே கேட்டார்.

வீட்டிலும் கொட்டகையிலும் பேசுவாள். வெளியாள் ஒருவர் வந்தால் வாயைப் பூட்டிக்கொண்டு புஷ்பவள்ளியைப் பார்ப்பாள். போன தடவை டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்: "இன்னொருத்தவங்க வாயிலயே காலத்த ஓட்டுனீங்கன்னா, ஒங்க வாய் இப்படியே நின்னுடும் கயல். அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

உளுந்து வந்த அன்று ராத்திரிச் சோற்றின்போது அம்மாவிடம் கேட்டாள். "புஷ்பாக்கா... எங் கொரல... எங்க கேட்டிச்சு?"

"டிவியில கிவியில பாத்திருப்பா" என்ற லோகநாயகி, காலி டப்பா ஒன்றைத் திறந்து அதற்குள் எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கினாள். கயல்விழி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் வந்த பிறகு எதன்மேலும் இப்படி ஓர் ஆர்வம் வந்ததில்லை. குழம்பு ஆறிப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் புஷ்பவள்ளியை நிழலாகப் பின்தொடர்ந்தாள். மூன்றாம் நாள் மதியம், கிரைண்டர்களை நிறுத்திக் கல்லைக் கழுவுகிற நேரத்தில், புஷ்பவள்ளி கொட்டகைக்குப் பின்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பேசவில்லை. உதடுகள் மட்டும் எதையோ கூடவே சொல்லிக்கொண்டிருந்தன. கயல்விழி பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"...புதிய வண்டிகள் பற்றி அறிய எண் ஒன்றை அழுத்தவும். சர்வீஸுக்கு எண் இரண்டை அழுத்தவும். தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்."

முதலில் யாரோ என்றுதான் நினைத்தாள். நல்ல பெண். எரிச்சலே படாத பெண். ஒருவேளை சிரித்துக்கொண்டே பேசுகிறாளோ? பிறகுதான் அந்தக் கடைசி 'வும்' இறங்கிய விதம் காதில் பட்டது. அந்த ஏசி அறையும், தொண்டை காயாமலிருக்க வெந்நீர் குடித்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்த மத்தியானமும் ஞாபகம் வந்தன. வாய்ஸ் நோட் அனுப்புகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது, அதனால் அவள் குரல் வேறெங்கும் தங்கவில்லை. கல்யாண வீடியோக்களில் முறைத்துக்கொண்டு நிற்பாள், மேலே பாட்டு ஓடும். மிச்சமிருப்பது இது ஒன்றுதான். அதுவும் அந்த ஷோரூம்காரர்களிடம்.

"கோச்சுக்காத கயலு" என்றாள் புஷ்பவள்ளி. "நீ கையாட்டுற, நான் பேசுறேன். எந்தக் கொரல்ல பேசணும்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"நம்பரு... யாரு குடுத்தா?"

புஷ்பவள்ளி மூக்கைத் தொட்டுவிட்டு ஓடிப்போனாள். ரத்தினம்மாளை எங்கேயும் காணோம்.

மறுநாள் கடலூர் பஸ்ஸில் கயல்விழி தனியாகத்தான் ஏறினாள். திரும்பிப் பார்த்தால் ரத்தினம்மாள் பட்டுச்சேலையில் ஏறுகிறாள், பின்னால் புஷ்பவள்ளி. கடைசியாக அம்மா. "எனக்கும் கடலூர்ல ஒரு வேல கெடக்கு" என்றாள் லோகநாயகி. என்ன வேலை என்று சொல்லவில்லை.

ஷோரூமில் அவளுடைய பழைய நாற்காலியில் சிந்துஜா என்கிற பெண் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அருள்முருகன் எழுந்து வந்து, "கயல்! எப்படி இருக்கீங்க! ஒடம்பு பரவால்லயா!" என்று காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்தினார். வண்டி பார்க்க வந்தவர்கள் திரும்பினார்கள். கயல்விழி சிந்துஜாவின் மேசைப் போனைக் காட்டினாள், தன் தொண்டையைத் தொட்டாள், வாசலைக் காட்டினாள்.

புஷ்பவள்ளி சேலை நுனியை இடுப்பில் செருகினாள். "ஆள வெளிய அனுப்பிட்டு அவ கொரல மட்டும் வேலைக்கு வச்சிக்கிட்டீங்களே சார், இது எந்த ஊரு நியாயம்? சம்பளம் வாங்காத, லீவு கேக்காத கொரலு, நல்லாத்தான் இருக்கு ஒங்களுக்கு. எடுங்க அத."

கயல்விழி இவ்வளவு சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள்.

அருள்முருகனுக்குக் காது சிவந்தது. "வேணும்னு செய்யலைங்க. மாத்தணும்னு யாருக்கும் தோணல. நல்ல வாய்ஸ் வேற..." என்றவர், பேச்சை மாற்றக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். "இன்னொன்னுங்க, இந்த ரெகார்டிங்னால எங்களுக்கும் ஒரு தொல்ல. தெனம் மத்தியானம் அதே நாலஞ்சு நம்பர்லேர்ந்து கால் வருது. ஒன்ன அழுத்துறதில்ல, ரெண்ட அழுத்துறதில்ல. முழுசா கேட்டுட்டு வச்சிடுறாங்க. யாருன்னே தெரியல."

"ஒரு நம்பர் மட்டும் மறுபடி அடிச்சு ரெண்டாவது வாட்டியும் கேக்கும் சார்" என்றாள் சிந்துஜா.

கயல்விழி மெதுவாகத் திரும்பினாள். ரத்தினம்மாள் ஒரு சிவப்பு வண்டியின் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி மின்விசிறியைப் பார்த்தாள். அம்மா, பட்டன் போனை முந்தானையால் துடைத்துத் துடைத்து, இடுப்புச் சுருக்கில் செருகிக்கொண்டிருந்தாள்.

அருள்முருகன் கம்ப்யூட்டரில் எதையோ தேடித் தட்டினார். ஸ்பீக்கரில் அந்தப் பெண் வணக்கம் சொன்னாள். வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். 'காத்திருக்கவும்' என்று அவள் குடத்தை இறக்கி வைத்ததும் அருள்முருகன் கயல்விழியைப் பார்த்தார்.

"எடுத்துடவா? எடுத்துட்டா அவ்ளோதாங்க, எங்ககிட்ட காப்பி எல்லாம் கெடையாது. புதுசு பண்றவரைக்கும் கால் நேரா சிந்துஜாவுக்கே போயிடும்."

இடுப்பளவு உயரத்தில், யாருக்கும் தெரியக்கூடாது என்பதுபோல, அம்மாவின் ஆள்காட்டி விரல் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடட்டும். இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.

கயல்விழி அதைப் பார்த்தாள். அந்த எரிச்சல்படாத பெண் அங்கே இருக்கிறவரை இவர்கள் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்று தோன்றியது. இது கோபமா, அந்தப் பெண்மேல் பொறாமையா? அவளுக்கே பிடிபடவில்லை. முஷ்டியை மூடினாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அருள்முருகன் புஷ்பவள்ளியைக் கேட்டார்.

"எனக்குப் புரியல" என்றாள் புஷ்பவள்ளி, முதல்தடவையாக.

கயல்விழி அவரைப் பார்த்து, ஆமாம், எடுங்கள் என்று தலையை ஆட்டினாள். தலையாட்டல் புரிவதற்குக் கொட்டகையில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுநகர் தாண்டி, கெமிக்கல் கம்பெனிகளின் நாற்றம் தாண்டி, சவுக்குத் தோப்புகள் வந்த பிறகுதான் புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். "எங்கள ஒரு வார்த்த கேட்டியாடி? அது ஒனக்கு மட்டும்தான் சொந்தமா?"

"போன்லயாவது புடிச்சு வச்சிருக்கலாம்" என்றாள் ரத்தினம்மாள். "நம்ம புத்திக்கு எட்டல. போன் பண்ணா வரப்போற கொரலுதானன்னு இருந்துட்டோம்."

கயல்விழிக்குத் திட்டவேண்டும்போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. ஆலப்பாக்கம் நெருங்கும்போது பக்கத்தில் பட்டன் அமுங்குகிற சத்தம் கேட்டது. மத்தியானம், கொட்டகையில் கிரைண்டர் நிறுத்துகிற நேரம். அம்மா போனைக் காதில் வைத்திருந்தாள்.

"அதான்... எடுத்தாச்சே" என்றாள் கயல்விழி.

"நெசமாவே போயிடுச்சான்னு பாக்குறேன்" என்றாள் லோகநாயகி. சற்று நேரம் மணி அடித்தது. பிறகு அவள் திடுக்கிட்டு, சூடு பட்டவள்போலப் போனை மகள் மடியில் போட்டாள். "ஐயோ, யாரோ எடுத்துட்டாங்கடி!"

மடியிலிருந்து சிறிதாக ஒரு குரல் வந்தது. "ஹலோ? சொல்லுங்க, சர்வீஸா? ஹலோ?"

கயல்விழி புஷ்பவள்ளியைப் பார்த்தாள். புஷ்பவள்ளி கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்தினம்மாள் கண்ணை மூடித் தூங்குவதுபோல இருந்தாள், மூக்குத்தி மட்டும் விழித்திருந்தது. பஸ் ஒரு லாரியை முந்திக்கொண்டு அலறியது.

போனை எடுத்துக் காதில் வைத்தாள். முன்சீட்டின் கம்பியில் ஒரு கையை ஊன்றி, சுவரைத் தள்ளுவதுபோலத் தள்ளினாள்.

"வணக்கம்" என்றாள். பாதி காற்றாகப் போனது. மிச்சம் சொரசொரவென்று, யாருடையதோ என்பதுபோல வெளியே வந்தது.

அந்தப் பக்கம் சிந்துஜா ஹெட்செட்டைச் சரிசெய்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கேக்குது மேடம், சொல்லுங்க" என்றாள்.

சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை. வண்டி இல்லை, சர்வீஸ் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள். லோகநாயகி முன்சீட்டின் கம்பிக்கு மேலே கையை உயர்த்தி, பஸ்ஸே பார்க்கும்படி, ஆள்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.