சம்சா கடையும் என் ஏழு பாட்டன்களும்

“தெரிந்த ஊரில் கடை போடுங்கள், தெரிந்தவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள்” என்று தொழில் வகுப்பில் ஒரு புண்ணியவான் சொன்னான். அவனுக்குச் சொந்தக்காரர்களே கிடையாது போலிருக்கிறது. எங்கள் மலையூரான நாரினில் எனக்கு ஊரே சொந்தம். உள்ளே கறி வைத்துச் சுடும் சம்சாவுக்கு அடுப்பு மூட்டிய அன்றே சித்தப்பா குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். தினமும் வந்தார். ஒருநாள் காசு என்று வாயைத் திறந்தேன்.

“எங்கிட்டயே காசு கேக்குறியா? உங்கப்பன் உயிரோட இருந்தா நாக்கப் புடுங்கிக்கிட்டு செத்திருப்பான்!”

கடைசி ஆட்டின் கறியும் அப்படியே போனது. பிள்ளைகளுக்கு இரவில் வெறும் தேநீர்தான். கல்யாணத்து வெள்ளிக் காதணியை விற்று, மலை தாண்டி ஓஷ் நகரச் சந்தையில் ஒரு மூலையைப் பிடித்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

முதலில் ஒரு பெரியவர் வந்தார். நாலு சம்சாவைத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்தார்.

“நாரின் பக்கத்துப் பேச்சா இருக்கே! நானும் அங்கதான். யாரு மகம்மா நீ? உன் ஏழு பாட்டன் பேரச் சொல்லு, எங்கயாச்சும் உறவு வந்து நிக்கும்.”

அப்பன் வழியில் ஏழு தலைமுறைப் பெயர் சொல்லத் தெரியாதவரை எங்களில் நாதியற்றவர் என்பார்கள். அந்த ஏழு பெயரையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மாவுச் சாக்கு காலியாகக் கிடந்தது.

“எனக்கு அப்பன் பேரே தெரியாதுங்க,” என்றேன். “நாலு சம்சாவுக்குக் காசக் குடுங்க.”

அவர் முகம் சுருங்கியது. காசை என் கையில் தராமல் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார்.

முதல் காசைச் சரக்கின்மேல் தடவி நெற்றியில் ஒற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். எனக்குக் கை எழவில்லை.