கடுகளவு கறை

காவல்துறையின் குற்றவியல் ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பிரிவைப் பார்த்துக்கொள்பவளின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் சீல் அக்கா. காவல் நிலையங்களிலிருந்து வரும் உறையில் அரக்கு லேசாகக் கீறியிருந்தால் போதும், "முத்திரை சேதம். பரிசோதனைக்கு ஏற்கத்தக்கதல்ல" என்ற ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"வெயில்ல உருகிடுச்சுக்கா" என்று இன்ஸ்பெக்டர்கள் கெஞ்சுவார்கள்.

"அப்போ வெயிலையே வந்து கையெழுத்து போடச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடமாக இதே பதில்தான்.

அந்த மாதம் அவளுடைய குளிர்பெட்டியில் ஒரு லாரி ஓட்டுநரின் சட்டை இருந்தது. காலரின் உள்பக்கம் கடுகளவு ரத்தக் கறை. இரும்புக்கடைக்காரர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். கறை அவருடையது என்றது போலீஸ். சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டேன், அது என் ரத்தம் என்றான் ஓட்டுநர். அவனைக் கொலை நடந்த இடத்தில் பார்த்ததாகச் சொல்ல ஒரு சாட்சியும் இருந்தான். அந்தச் சாட்சியை மறுத்துப் பேச ஓட்டுநரிடம் இருந்தது இந்தக் கறை ஒன்றுதான்.

வியாழன்தோறும் அவன் தங்கை வந்து வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள்.

"எங்கண்ணன் எப்போ ஷேவ் பண்ணாலும் வெட்டிக்குவான்க்கா. சின்னதுலேர்ந்தே கை நடுக்கம்."

"நடுங்குற கையா லாரி ஓட்டுது?"

"லாரின்னா நடுங்காது. பிளேடுன்னாத்தான்."

சீல் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "அடுத்த வாரம் உங்கண்ணன் முறைம்மா. ஒரு தடவைதான் பார்க்க முடியும். பார்த்தா கறை தீர்ந்துடும். அதான் நிதானமா செய்யணும்."

நிதானம் என்ற சொல் இயக்குநருக்கு ஆகாது. அவருடைய பட்டங்களை எழுதி முடிப்பதற்குள் பெயர்ப்பலகை தீர்ந்துவிட்டதால், பெயரைப் பொடி எழுத்தில் ஓரமாக ஒண்ட வைத்திருந்தார்கள். புது மரபணு இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. மந்திரி திறந்துவைக்க இருந்தார்.

"வெறுமனே ரிப்பன் வெட்ட நாம என்ன துணிக்கடையா?" என்றார் இயக்குநர். "மந்திரி கையால ஒரு நிஜ வழக்கு ஓடணும். அந்த லாரிக்காரன் கேஸ் பேப்பர்லெல்லாம் வந்துச்சே, அதை எடும்மா."

"சார், அது ஒரு தடவைக்குத்தான் வரும். இந்த மெஷினைப் பத்து நாள் சும்மா ஓட்டிப் பார்க்கணும்னு கம்பெனிக்காரரே சொல்லியிருக்கார். இதுல போச்சுன்னா போச்சு."

"நீ எப்பவும் அபசகுனமாவே பேசு. அறிவியல்னா துணிச்சல்மா!"

விழாவுக்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் நாற்காலி அடுக்கப் போயிருந்தபோது, அவள் கதவைத் தாழிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதிவேட்டில் எழுதாமல் ஓர் அரக்கை உடைத்தாள். கறைபட்ட துணியை வெட்டி வேறு உறையில் போட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தாள். தன் இடது மோதிர விரலைக் குத்தி, வேறொரு துணித் துண்டில் ஒரு பொட்டு வைத்தாள். அதைப் பழைய உறைக்குள் போட்டுப் புதிதாக அரக்கு வைத்தாள். விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் பதிவேட்டில் 'ஒத்திகை மாதிரி' என்று எழுதிவிட்டு, நிஜக் கறையைப் பழைய இயந்திரத்தில் பார்ப்பதாக ஏற்பாடு. திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை, இயக்குநரைத் தவிர.

மந்திரி கையுறை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். இயந்திரத்துக்கு நான்கு மணி நேரம் தேவைப்பட்டது. மந்திரியிடம் பத்து நிமிடம்தான் இருந்தது. சாயங்காலம் முடிவு வந்தது. சொதப்பும் என்று சீல் அக்கா பயந்த இயந்திரம், அன்றைக்கென்று பளிச்சென்று வேலை செய்திருந்தது. ரத்தம் ஓட்டுநருடையதல்ல, செத்தவருடையதுமல்ல. யாரோ ஒரு பெண்ணுடையது.

அவள் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிருபர்களிடம் போய்விட்டார். அறிக்கையிலும் அவரே கையெழுத்துப் போட்டார். மறுநாள் பத்திரிகையில் 'மர்மப் பெண்ணைக் காட்டிக்கொடுத்த நவீன இயந்திரம்' என்று தலைப்பு. படத்தில் இயக்குநர் முழுசாக இருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் மர்மப் பெண்ணின் பாதி முகம் தெரிந்தது.

சொல்லிவிடத்தான் அன்று காலையில் வந்தாள். வாசலிலேயே தங்கச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "செத்தவர் ரத்தம் இல்லேன்னு ஆயிடுச்சே, அண்ணன் வெளியே வந்துடுவான்னு வக்கீல் சொல்லிட்டாருக்கா." சொல்ல வந்ததைச் சொல்லாமலே சீல் அக்கா உள்ளே போனாள்.

மூன்றாம் நாள், இரும்புக்கடைத் தெருவிலிருந்து ஐந்து பெண்களை ரத்தம் எடுக்கக் கூட்டிவந்தார்கள். முதலாவதாக நின்றவள் கடையைப் பெருக்குகிறவள்.

"வலிக்குமாம்மா? புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும். வீடு பூட்டியிருக்கு. எப்போ விடுவாங்க?"

"உன் ரத்தம் இல்லேன்னா விட்டுடுவோம்" என்றார் கூட வந்த ஏட்டு. "உன்னுதுன்னா உனக்கு எதுக்கு வீடு?"

சீல் அக்கா அவள் விரலைப் பிடித்தாள். கையுறைக்குள் தன் விரலின் பிளாஸ்திரி உறுத்தியது. ஊசியைக் கீழே வைத்தாள்.

"சார், அந்த மர்மப் பெண் நான்தான்" என்றாள் இயக்குநர் அறையில்.

கொலையை ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்து அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முழுசாகக் கேட்டு முடித்தபோது, கொலையே தேவலாம் என்பதுபோல் ஆகிவிட்டது முகம்.

"யாருக்கும் தெரியவேணாம். வெளியே மூச்சு விடாதே."

"வெளியே அஞ்சு பேர் நிக்கிறாங்க சார். கோர்ட்டுக்கு எழுதி அனுப்பிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

ஐந்து பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். அறிக்கை ரத்தானது. விசாரணைக் குழு ஒன்று அமைந்தது, தலைவர் இயக்குநர்.

வியாழக்கிழமை தங்கச்சி பெஞ்சில் உட்காரவில்லை. நேராக மேசைக்கு வந்தாள்.

"நிஜக் கறை இருக்குதானேக்கா?"

"இருக்கு. அப்படியே இருக்கு."

"அப்புறம் என்ன? இப்போ பாருங்களேன். நீங்க வேணாம்னா வேற யாராவது பார்க்கட்டும்."

"யார் பார்த்தாலும் செல்லாதும்மா. யாருக்கும் தெரியாம நான் சீலை உடைச்சுட்டேன். இதை யார் கொண்டுவந்து வெச்சதுன்னு அந்தப் பக்கத்து வக்கீல் கேட்பார்."

"நீங்கதானே பத்திரமா எடுத்து வெச்சீங்க?"

"அதான் தப்பு."

"அந்தச் சாட்சி ஒருத்தனே போதும்கிறாங்கக்கா. எங்கண்ணனுக்கு வேற எதுவும் இல்ல."

சீல் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இடைநீக்க உத்தரவு மதியத்துக்குத்தான் தட்டச்சாகி வரும். அதுவரை மேசை அவளுடையது. குளிர்பெட்டியின் அடித்தட்டிலிருந்து உறையை எடுத்தாள். யார் கொண்டுவந்த உறையையும் பார்ப்பது மாதிரியே நான்கு ஓரமும் திருப்பிப் பார்த்தாள். அரக்கு இல்லை. ரப்பர் ஸ்டாம்பை எடுத்தாள்.

முதல் தடவை சரியாக விழவில்லை. மை தொட்டு இன்னொரு தடவை குத்தினாள்.