திருத்தச் சீட்டு

பசையில் தூரிகையைத் தோய்த்துவிட்டு மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் திருத்தச் சீட்டை எங்கே ஒட்டுவது என்று கேட்டார். அது எங்கே என்று இந்தத் தாவரவியல் பூங்காவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. இருந்தாலும் கேட்டார். உங்கள் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள் என்றேன்.

உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டி, கீழ் மூலையில் அதன் பெயரையும் பெயர் கண்டவரின் கையெழுத்தையும் வைப்பார்கள். பின்னால் வருகிறவன் அது தப்பு என்று கண்டால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் புதிய சீட்டை ஒட்ட வேண்டும். தப்பும் திருத்தமும் நூறு வருஷத்துக்கு அருகருகே கிடக்கும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

பத்தொன்பது வருஷம் அவர் இயக்குநர், நான் துணை இயக்குநர். என் அறிக்கைகளைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்து, ஒவ்வொரு பிழையிலும் சற்று நிறுத்தி, "என்னப்பா இது?" என்பார். நான் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் மனதில் குறித்துவைப்பேன். போன வருஷம் கண்ணாடிக்கூடத்தில் ஆர்க்கிட் செடிகள் அழுகியதை அவர் தலையில் கட்டி, நிர்வாகக் குழுவின் காலைப் பிடித்து நாற்காலியை வாங்கினேன். ஓய்வுபெற எட்டு மாதமே இருந்த அவருக்கு இந்த உலர்செடி அறையைக் கொடுத்தேன். அப்படியும் தோட்டக்காரர்கள் என்னைத் தாண்டிப் போய் அவர் ஜன்னலில் நின்று, எந்தச் செடியை எப்போது இடம் மாற்றலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை மறைத்து அலமாரியைப் போடச் சொன்னேன். அவர்களேதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நகர்த்தினார்கள்.

பிறகு மேடம் பெயர் எழுதிய பழைய செடித் தாள்களை எடுத்தேன். மூன்று மாதம் குடைந்ததில் நாற்பத்தொரு தப்பு அகப்பட்டது. நாற்பத்தொரு சீட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். நானே ஒட்டியிருக்கலாம். அவர் ஒட்டுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், வேறென்ன.

நாற்பது ஒட்டினார். ஒன்றுகூடப் பிசகவில்லை, அதுதான் எனக்குக் குறை. கடைசித் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இத மட்டும் இன்னொரு தடவ பாத்துடுங்க சார். இலைக்கு அடியில."

லென்ஸை வைத்துப் பார்த்தேன். நரம்போரம் பொடிப்பொடியாக ரோமம். நான் எழுதிய பெயருக்கு உரிய செடியின் இலை வழுவழுவென்று இருக்கும். அவர் எழுதியிருந்ததுதான் சரி. என் சீட்டு இன்னும் ஒட்டாமல்தான் கிடந்தது. கசக்கிப் போட்டால் முடிந்தது. ஆனால் வாசலில் தோட்டத்து மேஸ்திரி ஒரு தொட்டியோடு நின்றுகொண்டிருந்தார், மேடத்திடம் ஏதோ கேட்க. மேஸ்திரி காதுபட, தப்பு என் பக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பாத்துட்டேன். ஒட்டுங்க."

மேடம் என் முகத்தையே பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. வாதாடுவார் என்று காத்திருந்தேன். வாதாடினால் அதட்டலாம். அவரோ சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார், பேனாவோடு.

"இதுல தேதி போடாம விட்டுட்டீங்க. யாரு, எப்ப சொன்னதுன்னு நாளைக்கு எடுத்துப் பாக்கறவங்களுக்குத் தெரியணும்ல."

இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத இதமான குரல். போட்டேன், என் கையெழுத்துக்குக் கீழே, நாள், மாதம், வருஷம். அவர் பசை தடவி, கோணாமல் ஒட்டி, காற்று தங்காதபடி கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்தித் தேய்த்தார். சீட்டு நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.