அண்ணியின் கையெழுத்து

எங்கள் மாலை நேர ஓவிய வகுப்பில் ஒரு விதி உண்டு. யாரை வரைகிறோமோ அவர் படத்தின் பின்புறம் ‘இது நான்தான்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் கண்காட்சிச் சுவரில் இடமில்லை. நான் அண்ணியை வரைந்தேன். பன்னிரண்டு மாலை உட்கார வைத்தேன். தேதி, நேரம், எந்தப் பென்சில் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது. எனக்கு வரையத் தெரியுமா என்பதற்கு மட்டும் அதில் ஆதாரம் இல்லை.

அண்ணி படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்குக் கீழே இருந்த கோடுகளையே பார்த்தார்.

“நாத்தனார் கைன்னா இப்படித்தான் வரும்.”

பேனாவைத் தொடவில்லை. கொஞ்சம் அழுத்தித்தான் போட்டுவிட்டேனோ என்று எனக்கும் சந்தேகம்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உதவிக்கு வந்தான். அண்ணியின் புகைப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து, டீ ஆறுவதற்குள் ஓர் ஓவியத்தை வரவழைத்தான். அதில் அண்ணிக்குக் கழுத்து நீண்டிருந்தது. தாடைத் தழும்பு போயே போய்விட்டது. இதுதான் கலை, நீ செய்தது கணக்கெடுப்பு என்றான். அச்சிட்ட தாளின் பின்னால் யாரும் கேட்காமலே அண்ணி கையெழுத்திட்டார். வேறு வழியில்லாமல் அந்தத் தாளை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

இயந்திரப் படம் கலையே அல்ல என்று மூன்று மாதம் முழங்கியவர் எங்கள் ஆசிரியர். ஆனால் படத்தைக் கையால் வரைய வேண்டும் என்று விதியில் எழுத மறந்திருந்தார். பெருமூச்சு விட்டுவிட்டு அதையே மாட்டினார்.

கண்காட்சியின் முதல் நாள் அண்ணி நன்றாக உடுத்திக்கொண்டு படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பெண்மணி அவரிடமே விசாரித்தார்.

“அழகா இருக்கே. உங்க பொண்ணாங்க?”

அண்ணிக்கு வயது முப்பத்தாறு. வீட்டுக்கு வந்ததும் என் படத்தைக் கேட்டார்.

“கண்ணுக்குக் கீழ ரெண்டு கோடு மட்டும் எடுத்துடு. கையெழுத்துப் போடறேன்.”

உண்மையே கலையின் உயிர் என்று குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதியவள் நான். ரப்பரை எடுத்தேன். இரண்டு கேட்டார், மூன்றாக அழித்தேன். செயலி செய்த அதே வேலைதான், எனக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாயிற்று.

அண்ணி கையெழுத்திட்டார். ஆசிரியர் இயந்திரப் படத்தைக் கழற்றி எறிந்துவிட்டு என்னுடையதை மாட்டினார். மனிதக் கைக்குத்தான் இந்த நேர்மை வரும் என்று வகுப்புக்கே எடுத்துச் சொன்னார். நான் அடக்கமாகத் தலையசைத்தேன்.