சுவாமி அறைக்கு வந்த பெட்டி

இந்தக் காலத்துச் சனங்கள் சாமானைப் பாவிக்கவா வாங்குகிறார்கள்? பூட்டி வைக்கத்தான் வாங்குகிறார்கள். என் மருமகளின் தம்பி சப்பாத்து வாங்கிப் பெட்டியோடு அலுமாரியில் அடுக்கியிருக்கிறான். காலில் போட்டால் மதிப்புப் போய்விடுமாம். இன்னொருத்தன் விலைகூடின சாராயத்தை வாங்கி, குடிக்காமல் கண்ணாடிக்குள் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். அவரவர் காசு, எனக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் மகன் கடவுளையே அப்படி வாங்கப் புறப்பட்ட பிறகு மூட முடியவில்லை.

மகன் யசீகரன் பல் வைத்தியன். மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீடு ஒன்று வாங்கித் திருத்தி இருக்கிறான். நானும் அவனோடுதான். எனக்குப் படிப்பில்லை. விரி என்கிற இடத்தில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி ஏற்றி இறக்கின ஆள். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகன் வாங்கப்போகிற இந்தப் பெட்டியைப் பற்றித்தான் கேட்டேன்.

இத்தாலியில் ஐந்நூறு வருசத்துக்கு முந்தி யாரோ தாளில் கீறின தேவமாதா படமாம். அந்தக் காலத்துத் தாள் படங்களில் மிஞ்சினதே கொஞ்சமாம். நினைத்தவுடன் கடைக்குப் போய் வாங்க முடியாது. விற்கிறவர்கள் ஆளைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, எங்கே வைக்கப்போகிறோம் என்று விசாரித்துத்தான் கொடுப்பார்களாம். பொம்பிளை கொடுக்கிற மாதிரி. சாதகம் ஒன்றுதான் கேட்கவில்லை. விலையை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெயில் படக்கூடாது, ஈரம் கூடாது, புகை கூடவே கூடாது. எங்கள் வீட்டில் வெயில் எட்டாத இடம் ஒன்றே ஒன்று. நடுவில் இருக்கிற சுவாமி அறை.

அது முதலில் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறையாக இருந்தது. என் மனிசி புஷ்பவதிதான் கழுவித் துடைத்து, படங்கள் மாட்டி, விளக்கு வைத்தாள். காய்ச்சலோடும் வைத்தாள். அவள் போன பிறகு பின்னேரத்தில் அந்த விளக்கை ஏற்றுவது நான். எனக்கு மந்திரம் தெரியாது. திரியைத் தூண்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும் மிச்சமிருக்கிற கதை.

"அப்பா, விளக்கையும் படங்களையும் லோண்ட்ரிக்கு மாத்துவம். வடிவா ஒரு ஷெல்ஃப் அடிச்சுத் தாறன்" என்றான்.

"உடுப்புத் தோய்க்கிற இடத்திலயோ? ஏன், கக்கூசுக்குள்ள இடமில்லையோ?"

குசினியில் மருமகள் நிருஜா சிரித்துவிட்டாள். "மாமா, சும்மா இருங்கோ. அவர் இன்னும் வாங்கேல்லை."

"வாங்கமுந்தியே கொம்மாவின்ர விளக்கைத் தூக்கிறான், வாங்கினால் என்னையும் தூக்குவான்."

"புகை தாளுக்குக் கூடாதப்பா."

"கொம்மா அந்தப் புகைக்குள்ளதானடா நிண்டவ. அவவுக்குக் கூடுமோ?"

அவன் போனில் எதையோ தட்டிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை காலையில் விற்கிறவள் வந்தாள். பிலிப்பா என்று பெயர். நிருஜா சொல்ல, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் வந்தாள். அந்த மரியாதையை நான் மறைக்கமாட்டேன். ஈரம் அளக்கிற கையடக்கமான ஒரு மீட்டரைச் சுவரோரம் பிடித்துப் பார்த்தாள். பிறகு விளக்குக்கு நேர்மேலே கூரையில் கறுத்துக் கிடந்த வட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இது போகவேண்டும்" என்றாள். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் விளங்கும்.

"போகும், போகும்" என்றான் என் மகன்.

தட்டையான கறுப்புப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்துத் திறந்து, மேலே கிடந்த மெல்லிய தாளை விலக்கினாள். தேத்தண்ணி நிறத்தில் ஒரு தாள். அதில் தாயும் பிள்ளையும். பிள்ளை உதைக்கிறது, தாய் அதன் பாதத்தைக் கையால் பொத்திப் பிடித்திருக்கிறாள். பொய் சொல்லக்கூடாது, நல்ல கீறல். கீறினவன் பிள்ளை தூக்கினவன்.

பிலிப்பா தாளின் ஓரத்தில் இருந்த மஞ்சள் பொட்டு ஒன்றைக் காட்டி, ஏதோ புதையல் கண்ட மாதிரிக் கதைத்தாள். யசீகரன் எனக்குச் சொன்னான்:

"மெழுகுதிரி சிந்தினதாம் அப்பா. ஆரோ இதுக்கு முன்னால திரி கொளுத்திக் கும்பிட்டிருக்கினம். இப்பிடி அடையாளம் கிடைக்கிறது அருமையாம். அதாலதான் இதுக்கு இவ்வளவு மதிப்பு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அப்ப கேள் அவவை. அவையின்ர மெழுகு மதிப்பு, எங்கட எண்ணெய்ப் புகை ஊத்தையோ? கூரையில கிடக்கிறதும் அதுதானே?"

"பிறகு கதைப்பம் அப்பா."

"இப்ப கேளடா."

அவன் கேட்கவில்லை. நானே என் வேர்ஹவுஸ் இங்கிலீஷில் வேறொன்றைக் கேட்டேன். எந்தக் கோயிலிலிருந்து இதை எடுத்தார்கள்? கைமாறின விபரமெல்லாம் தாத்தா காலம்வரை இருக்கிறது, அதற்கு முந்தி யாருக்கும் தெரியாது என்று சிரித்தாள். எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்கு வீதி சுற்றுகிற எழுந்தருளி அம்மன் சண்டை நேரத்தில் காணாமல் போனாள். அவளும் இப்படி ஒரு பெட்டிக்குள் கிடப்பாள். திறந்து காட்டுகிறவளும் இப்படித்தான் சிரிப்பாள்.

"கிட்ட வந்து பாருங்கள்" என்று அவள் யசீகரனைக் கூப்பிட்டாள்.

அவன் குனிந்தான். எவ்வளவு நேரம் பார்த்தானோ தெரியாது. அவனுடைய வலக்கை தன்பாட்டில் போய், தேவமாதாவின் காலடியைத் தொட்டது. தொட்ட விரலைக் கொண்டுவந்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

பிலிப்பா வீடு அதிரக் குழறினாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காலையில் பூசின திருநீறு அவன் விரலில் இருந்திருக்கிறது; தாளின் கீழ்மூலையில் வெள்ளையாக ஒரு கீற்று. அவள் பையிலிருந்து மயிர்த்தூரிகை ஒன்றை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாள். போய்விட்டது. அவள் முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

"சொறி. சொறி. பழக்கத்தில... சொறி" என்றான் என் மகன். ஊசி போடும்போது அழுகிற பிள்ளைகளையெல்லாம் அதட்டுகிறவன், அவள் முன்னால் கைகட்டி நின்றான்.

இந்த அறையில் இப்படிப் பழக்கம் இருந்தால் தான் யோசிக்கவேண்டும் என்றாள் அவள்.

"இனி நடக்காது. விளக்கு, படம் எல்லாம் இண்டைக்கே வெளியில எடுக்கிறன்."

கும்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டான். அவன் செய்ததில் ஒழுங்கான வேலை அது ஒன்றுதான், அதற்கு.

"நீ எடுக்கவேண்டாம்" என்றேன். புஷ்பவதியின் விளக்கை நானே தூக்கினேன். முதல்நாள் எண்ணெய் அடியில் கிடந்தது.

அவன் பின்னாலேயே வந்தான். "அப்பா, கோபிக்காதேங்கோ. நாங்கள் பாதுகாக்காட்டில் இது அழிஞ்சு போயிடும். அதுவும் ஒரு அம்மாதானே?"

"அம்மா எண்டால் வெளியில வை. விளக்குக் கொளுத்து. தொட்டால் ஏன் குழறுறியள்?"

"வெளிச்சம் பட்டால் மங்கிப் போகுமப்பா!"

"மங்கட்டும். கொம்மா மங்கேல்லையோ?"

அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. ஈரப்பதம், வெப்பம், நல்ல பெட்டிக்குள் இருந்தால் இன்னும் ஐந்நூறு வருசம் இருக்கும் என்று கதவில் நின்றபடி சொல்லிக்கொண்டேயிருந்தான். ஆர் பார்க்க இருக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. படித்தவன், கணக்குச் சரியாகத்தான் இருக்கும். எனக்கு நம்பிக்கையில்லை.

"மாமா, விளக்கோட எங்க போறியள்?" என்றாள் நிருஜா.

"பின்னேரம் கொளுத்தக் காத்துப் படாத இடமாப் பாக்கப் போறன்."

எண்ணெய் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்கதவால் இறங்கி நடந்தேன்.